ஜாலி பாய் தீவு: வாசகர் கேள்வியும் என் பதிலும்

போன இதழ்ல அந்தமான் ஜாலி பாய் தீவுக்கு வனத்துறை காவலரோட படகுல போயிட்டு வந்தத எழுதியிருந்தேன்ல, அதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன்.

அக்கா, மார்ச்ல குடும்பத்தோட அந்தமான் போறோம். அப்பாவுக்கு 70 வயசு, முட்டி வலி வேற. ஜாலி பாய்க்கு அவர கூட்டிட்டுப் போகலாமா?
மதுரை வாசகர்

போகலாம் தம்பி, மார்ச் நல்ல மாசம்தான். வண்டூர்ல இருக்குற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983ல அறிவிச்சது, மொத்தம் 15 தீவு, அதுல சுற்றுலா வர்றவங்கள கூட்டிட்டுப் போறது ஜாலி பாய்க்கும் ரெட் ஸ்கின்னுக்கும்தான், அதுவும் ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருக்காது. சுமாரா நவம்பர்ல இருந்து மே நடு வரைக்கும் ஜாலி பாய், கடல் கொந்தளிக்கிற மழை மாசங்கள்ல ரெட் ஸ்கின். இப்படி மாத்தி மாத்தி விடறதால ஒவ்வொரு தீவுப் பாறைக்கும் வருஷத்துல பாதி நாள் மனுஷன் கால் படாம ஓய்வு கிடைக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது. திங்கக்கிழமை லீவு. வனத்துறை பர்மிட் இல்லாம படகுல ஏத்த மாட்டாங்க, எல்லாரோட அடையாள அட்டையும் வச்சு முன்கூட்டியே வாங்கிடுங்க.

போர்ட் பிளேர்ல இருந்து (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியாச்சு) வண்டூருக்கு கார்ல ஒரு மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க, அங்கேருந்து படகுல இன்னொரு ஒரு மணி நேரம், அலையாத்திக் காட்டுக்கு நடுவுல தண்ணி ஆடாம போகும், அது வரைக்கும் அப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கஷ்டம் கடைசி நூறு அடிலதான். தீவுல ஜெட்டி கிடையாது, பெரிய படகு தள்ளி நின்னுடும், அங்க இருந்து அடில கண்ணாடி வச்ச சின்ன படகுக்கு மாறணும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிச்சு ஆடிட்டே இருக்கும், அப்புறம் கரைகிட்ட தண்ணிக்குள்ளயே இறங்கி நடக்கணும். முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா சமாளிச்சிடலாம், வேட்டிக்குப் பதிலா அரைக்கால் டிரவுசர் போட்டுட்டு வரச் சொல்லுங்க. தீவுல கடை கிடையாது, பாத்ரூம் போறதெல்லாம் வண்டூர்லயே முடிச்சுக்கோங்க.

நாங்க போனப்ப வண்டூர்ல பைய கொட்டி பிஸ்கட் பாக்கெட்ட எல்லாம் எண்ணினாங்க, தண்ணி பாட்டிலுக்கு டெபாசிட் வேற. காசு குடுத்துட்டுப் போற எங்கள திருடங்க மாதிரி நடத்தலாமாங்க?
சென்னை வாசகி

உங்க கோவம் புரியுதும்மா, ஆனா இதுல நான் வனத்துறை பக்கம்தான். அந்தத் தீவுல குப்பை வண்டி வராது, நாம விட்டுட்டு வர்ற ஒவ்வொரு கவரும் கடலுக்குத்தான் போகும். கடலாமைக்கு தண்ணில மிதக்குற பாலிதீன் பையும் ஜெல்லி மீனும் ஒண்ணா தெரியும், தின்னுடும், குடல் அடைச்சு செத்துப் போகும். எண்ணிக் குடுத்தத எண்ணி வாங்குறாங்க, அவ்வளவுதான். வீட்டுல இருந்தே எவர்சில்வர் டப்பாவுல புளி சாதம் கட்டிட்டுப் போனீங்கன்னா எண்ணுறதுக்கே ஒண்ணும் இருக்காது.

நெட்ல பாத்தா பவளப்பாறை சிவப்பு, ஊதா, மஞ்சள்னு மின்னுது. நேர்ல கண்ணாடிப் படகுல பாத்தா ஒரே பழுப்பு கலர். செத்துப்போன பாறையக் காட்டி ஏமாத்துறாங்களா அக்கா?
கோவை கல்லூரி மாணவர்

இல்ல தம்பி, நேர்மாறு. நீங்க பாத்த பழுப்புதான் உயிர்.

பவளம்ங்கிறது கல்லு இல்ல, கடுகு கடுகா இருக்குற ஜீவனுங்க ஆயிரக்கணக்குல சேர்ந்து சுண்ணாம்பால கட்டிக்கிட்ட காலனி. அதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, வெயில வாங்கி அந்தப் பாசி சமைக்குது, பவளம் சாப்பிடுது, அந்தப் பாசியோட நிறம்தான் பழுப்பு. கடல் சூடு தாங்க முடியாத அளவுக்கு ஏறி வாரக்கணக்குல இறங்கலைன்னா பவளம் பாசிய வெளிய தள்ளிடும், அப்ப உள்ள இருக்குற சுண்ணாம்பு எலும்பு வெள்ளையா தெரியும், அது பட்டினி கிடக்குற நிலைமை. சீக்கிரம் கடல் குளுந்தா பாசி திரும்பி வந்து பிழைச்சுக்கும், இல்லைன்னா செத்துடும். அந்தமான்ல 1998லயும் 2010லயும் 2016லயும் இப்படி வெளுத்திருக்கு. அதனால வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சா அழகா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க.

இன்னொண்ணு, தண்ணிக்குள்ள போகப் போக சிவப்புதான் முதல்ல காணாமப் போகும், நெட்ல வர்ற படமெல்லாம் பக்கத்துல லைட் அடிச்சு எடுக்குறது.

அடுத்த தடவ போனா நிறத்தத் தேடாதீங்க, அசையுறதப் பாருங்க. நான் போனப்ப காவலர் படகோட்டியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி கண்ணாடிக்குக் கீழ ஒரு கிளி மீனக் காட்டினார், அது பாறைய நறுக் நறுக்குனு கடிச்சுட்டு ஒரு முழம் தள்ளிப் போய் பின்னாடி வெள்ளையா புகை மாதிரி விட்டுச்சு. "மணல் போடுதும்மா, நீங்க இப்ப மிதிச்சுட்டு வந்த மணல்ல பாதி இதுங்க போட்டதுதான்"னார். அவர் ராமநாதபுரத்துல இருந்து வந்த குடும்பமாம், தமிழ்லயே சொன்னார். பாறைல இருக்குற பாசியத் திங்கிறப்ப சுண்ணாம்பும் சேர்ந்து உள்ள போகுது, அரைச்சு மணலா வெளிய விடுது. அதுக்கப்புறம் அந்த மணல்ல கால் வைக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

என் பொண்ணு பொறுக்கின நாலு சங்க திரும்பப் போடச் சொல்லிட்டாங்க, அழுதுட்டே வந்தா. சும்மா கரையில கிடந்ததுதானே?
சேலம் வாசகி

காலி சங்குக்குள்ளதான் துறவி நண்டு குடி போகும்மா. அதுக்கு சொந்தமா முழு ஓடு கிடையாது, வளர வளர பெரிய சங்கா தேடி மாறிக்கணும், கிடைக்கலைன்னா பின்பக்கம் வெறும் சதையோட திரியணும். இத உங்க பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க, குழந்தைங்க நம்மள விட சீக்கிரம் புரிஞ்சுக்குவாங்க.

அந்தமான் போற வசதி எங்களுக்கு இல்லீங்க. எங்க தாத்தா வீட்டு காம்பவுண்டு சுவரே கடல்ல இருந்து வந்த பவளக் கல்லுதான். நம்ம பக்கம் இப்படிப் பாக்க ஏதாவது மிச்சம் இருக்கா?
தூத்துக்குடி வாசகர்

உங்க கடிதத்த நாலு தடவ படிச்சேன் ஐயா. இருக்கு. ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து உங்க தூத்துக்குடி வரைக்கும் நீண்டு கிடக்குதே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, அதுல 21 தீவு. 21ன்னு சொல்றோமே தவிர பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அலை வேகத்த உடைக்கிறது தீவச் சுத்தி கடலுக்குள்ள இருக்குற பார், அதாவது பவளப்பாறைத் திட்டுதான், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கா அந்தப் பார வெட்டி வெட்டி வள்ளத்துல ஏத்தினாங்க, பார் போனதும் அலை நேரா மண்ண அரிச்சுடுச்சு. 2001ல பவளத்த வன உயிரினச் சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணையில சேத்தாங்க, அப்புறம்தான் வெட்டுறது படிப்படியா நின்னுச்சு. உங்க ஊருக்குப் பக்கத்துல வான் தீவு கரைஞ்சுட்டே வந்தப்ப கான்கிரீட்ல செயற்கைப் பார் செஞ்சு கடல்ல இறக்கினாங்க.

பாக்கணும்னா பாம்பன் குந்துக்கால்ல இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடறாங்க, 1897ல விவேகானந்தர் வந்து இறங்கின அதே குந்துக்கால்தான். ஆனி ஆடில தென்கடல் முரட்டுக் கடலா இருக்கும், தை மாசி பாத்துப் போங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு படகு ஓடுதான்னு கேட்டுக்கோங்க.

தாத்தா மேல குறை சொல்லாதீங்க, அந்தக் காலத்துல அது எல்லாருக்கும் வெறும் கல்லுதான். சுவர்ல எங்கயாவது பூச்சு உதிர்ந்திருந்தா பேரப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் கிட்ட காட்டுங்க. நட்சத்திரம் மாதிரி குட்டிக் குட்டிக் குழியா இருக்கும், ஒவ்வொரு குழிலயும் ஒரு உசுரு குடியிருந்துச்சு.