கேள்வி–பதில்: நீளம் போதாத தளத்தில் பெருங்கப்பலைக் கயிறுகளால் கட்டி நிறுத்துவது எப்படி?

கேள்வி: துறைமுகத் தளம் முடிந்த பிறகும் கப்பலின் முன்பகுதி பல மீட்டர் தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே கட்டிப்போட்டுச் சரக்கு இறக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். இது பாதுகாப்பானதுதானா?

பதில்: பாதுகாப்பாகச் செய்ய முடியும், ஆனால் அந்தக் கப்பலுக்கும் அந்தத் தளத்துக்கும் என்று தனியாகக் கணக்குப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். பனாமா கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் பழைய நீர்ப்பூட்டுகளுக்குள் நுழையக்கூடிய கப்பலின் உச்ச நீளம் சுமார் 294 மீட்டர். சரக்குப் பெட்டகத் தளங்கள் பலவும் நெடுங்காலம் அந்த அளவை மனத்தில் வைத்தே கட்டப்பட்டன. 2006-இல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலின் நீளம் 397 மீட்டர். இன்று 400 மீட்டரை ஒட்டிய கப்பல்கள் வழக்கமாகிவிட்டன. கான்கிரீட் தளம் ஐம்பது ஆண்டுகள் நிற்கிறது. அதற்குள் கப்பல்கள் இரண்டு தலைமுறை வளர்ந்துவிடுகின்றன.

சரக்கு இருக்கும் பகுதி கிரேனுக்கு எட்டினால் வணிகத்துக்கு அது போதும். கப்பலைப் பிடித்து நிறுத்த அது போதாது. கப்பலின் முன்முனையிலிருந்து முன்னோக்கிச் செல்லும் ஹெட் லைன், பின்முனையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் ஸ்டெர்ன் லைன், தளத்துக்குச் செங்குத்தாகக் குறுக்கே செல்லும் பிரெஸ்ட் லைன், கப்பலின் பக்கவாட்டை ஒட்டி நெடுக்காகச் செல்லும் ஸ்பிரிங் லைன் ஆகியவை வழக்கமான கயிறுகள். காற்று கப்பலைத் தளத்திலிருந்து விலக்கித் தள்ளும்போது அதை முக்கியமாகத் தாங்குவது குறுக்கே செல்லும் பிரெஸ்ட் லைன். கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பார்த்துக்கொள்வது ஸ்பிரிங் லைன். தளம் நீளம் போதாமல் முடிந்துவிட்டால் முன்முனைக்கு நேரே கட்டுத்தூணே இருக்காது. அங்கிருந்து புறப்படும் எல்லாக் கயிறுகளும் பின்னோக்கித் திரும்பி, தளத்தின் கடைசித் தூணைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அப்போது பெயருக்கு ஹெட் லைனாகவும் பிரெஸ்ட் லைனாகவும் இருப்பவை செயலில் ஸ்பிரிங் லைன்களாக மாறிவிடுகின்றன. நெடுக்குப் பிடி தேவைக்கு மேல் கூடிவிடும். அவசியமான குறுக்குப் பிடி குறைந்துவிடும். நீளம் போதாத தளத்தின் ஆபத்து பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: பிடி குறைகிறது என்றால் இன்னும் நான்கு கயிறுகளைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், தளத்தில் வேலை செய்பவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கிறது. ஆகவே இதை எண்களோடு விளக்குவது நல்லது.

ஒரு கயிற்றில் 50 டன் இழுவிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது தளத்துக்குச் செங்குத்தாக, கிட்டத்தட்ட கிடைமட்டமாகச் சென்றால், ஏறக்குறைய 50 டன்னும் கப்பலைத் தளத்தோடு சேர்த்துப் பிடிக்கும். அதே கயிறு செங்குத்துத் திசையிலிருந்து 60 பாகை விலகிச் சாய்ந்து சென்றால், குறுக்கே கிடைக்கும் பிடி 25 டன்தான். கப்பலின் மேல்தளம் உயரமாக இருந்து, கயிறு 45 பாகைச் சரிவில் கீழே இறங்கினால் அதுவும் சுமார் 18 டன்னாகக் குறையும். மீதி விசை கப்பலைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுத்து வீணாகிறது. முன்முனைக் கயிறுகள் கப்பலைப் பின்னோக்கியும், பின்முனைக் கயிறுகள் முன்னோக்கியும் இழுப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் நிறுவனங்களின் சர்வதேச கடல்சார் மன்றம் வெளியிடும், கப்பலைக் கயிறுகளால் கட்டி நிறுத்துவதற்கான வழிகாட்டி, பிரெஸ்ட் லைன்கள் இயன்றவரை செங்குத்தாகவும் முனைகளுக்கு அருகிலும் இருக்க வேண்டும், கயிறுகளின் சரிவு இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தது நீள வேறுபாடு. ஒரே வகைக் கயிறு இரண்டை ஒரே திசையில், ஒன்று 20 மீட்டர், மற்றொன்று 60 மீட்டர் நீளத்தில் கட்டினால், கப்பல் சிறிது விலகும்போது குட்டைக் கயிற்றில் ஏறும் சுமை நீளக் கயிற்றில் ஏறுவதைப்போல் மூன்று மடங்காகும். குட்டைக் கயிறு முதலில் அறும். அதன் சுமை மற்றதன்மேல் ஒரே நொடியில் விழும். அதிகம் நீளாத எஃகு வடத்தையும் நன்றாக நீளும் நைலான் கயிற்றையும் ஒரே வேலைக்குக் கலந்து கட்டினாலும் இதே விளைவுதான்: எஃகு முழுச் சுமையையும் ஏற்கும், நைலான் சும்மா நிற்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது கடைசித் தூண்தான். முன்முனையின் எல்லாக் கயிறுகளும் அந்த ஒன்றையே நாடிப் போவதால், 100 டன்னுக்கு வடிவமைக்கப்பட்ட தூணின்மீது, தனித்தனியே 100 டன்னுக்கு மேல் தாங்கக்கூடிய மூன்று நான்கு கயிறுகள் விழுந்துவிடும். கயிறு அறுவதற்கு முன்பே தூண் அடியோடு பெயர்ந்துவிட்டால் அதில் கட்டிய அத்தனை கயிறுகளும் ஒருசேரப் போய்விடும். எனவே கூடுதல் கயிறு போடுவதற்கு முன், தூணின் தாங்கும் திறனையும் அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆணிகளின் நிலையையும் விசாரிக்க வேண்டும். ஒரே தூணில் இரண்டு கயிறுகளைப் போட நேர்ந்தால், இரண்டாவது கயிற்றின் கண்ணியை முதல் கண்ணிக்குள் கீழிருந்து மேலே நுழைத்துப் பிறகு தூணில் மாட்ட வேண்டும். அப்போதுதான் எதை வேண்டுமானாலும் முதலில் கழற்ற முடியும்.

கேள்வி: பெரிய கப்பல்மீது காற்று எவ்வளவு விசையோடு தள்ளும்? எந்த நிலையில் கப்பல் தளத்தை விட்டுப் புறப்பட வேண்டும்?

பதில்: காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மேல்தளம் முழுவதும் பெட்டகங்கள் அடுக்கப்பட்ட, பக்கவாட்டில் 15,000 சதுர மீட்டர் பரப்பைக் காட்டும் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, கப்பலின் வடிவத்துக்கேற்ப விசையைத் திருத்தும் எண்ணான வடிவக் கெழுவை ஒன்று என்று வைத்தால், நொடிக்கு 15 மீட்டர் வேகக் காற்று அதன்மீது சுமார் 210 டன் விசையைச் செலுத்தும். வேகம் 21 மீட்டராகக் கூடினாலே விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

அறுபடும் வலிமை 120 டன்னாக உள்ள கயிறுகளை வைத்து இதைப் பார்க்கலாம். கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் கப்பல் இயந்திரமான வின்ச்சின் பிரேக்கைப் பொதுவாகக் கயிற்றின் வலிமையில் 60 சதவீதத்தில் நழுவும்படி வைப்பார்கள்; அதாவது 72 டன். கயிறு செங்குத்தாகவும் மிதமான சரிவிலும் சென்றால் ஒவ்வொன்றும் குறுக்கே சுமார் 65 டன் தரும். 210 டன்னுக்கு நான்கு போதும். முந்தைய பதிலில் சொன்ன மோசமான கோணத்தில் ஒவ்வொன்றும் சுமார் 25 டன்தான் தரும், ஒன்பது தேவைப்படும். அதுவும் சுமை எல்லாவற்றிலும் சமமாகப் பரவினால் மட்டுமே. நடைமுறையில் அது சமமாகப் பரவுவதில்லை.

ஆகவே பொதுவான ஓர் எண்ணைச் சொல்வது தவறாகும். அந்தக் கப்பலை அந்தத் தளத்தில் இன்ன கயிறுகளால் கட்டினால் எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகக் காற்றைத் தாங்கும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டு, எந்த வேகத்தில் சரக்கு வேலையை நிறுத்துவது, எந்த வேகத்தில் இழுவைப் படகுகளை அழைப்பது, எந்த முன்னறிவிப்பு வந்தால் தளத்தை விட்டுப் புறப்படுவது என்ற மூன்று எல்லைகளையும் கப்பலும் துறைமுகமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது எல்லை உண்மையான காற்றுக்கு அல்லாமல் முன்னறிவிப்புக்கு வைக்கப்பட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காற்று வந்த பிறகு பெரிய கப்பலைத் தளத்திலிருந்து பாதுகாப்பாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

கேள்வி: காற்று தளத்தை நோக்கி வீசினால் கவலையில்லை அல்லவா?

பதில்: நீளம் போதாத தளத்தில் அப்போதும் கவலை உண்டு. தளத்தின் விளிம்பில் மெத்தைபோல் பொருத்தியிருக்கும் ஃபெண்டர்கள் தாங்குவது கப்பலின் தட்டையான நடுப்பகுதியைத்தான். வெளியே நீட்டியிருக்கும் முன்பகுதிக்குப் பின்னால் எந்த ஆதாரமும் இல்லை; அங்கே காற்று அழுத்தினால் கப்பல் கடைசி ஃபெண்டரை அச்சாகக் கொண்டு திரும்ப முயலும். முன்முனை கரைப்பக்கம் போகும்போது பின்முனை விலகும். இறுகுவது பின்முனைக் கயிறுகள். முன்முனையைக் கவனித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது எதிர்பாராத திசையிலிருந்து வரும் ஆபத்து.

கேள்வி: புதிய தளம் கட்டப் பணமில்லாத துறைமுகம் என்ன செய்யலாம்?

பதில்: தளத்தை நீட்டாமலேயே கட்டுமிடத்தை நீட்டலாம். தளத்தின் முனைக்கு அப்பால், சற்றுக் கரைப்பக்கமாக, கடலில் தூண்களை இறக்கி அமைக்கும் டால்ஃபின் என்னும் சிறு கட்டுமேடையே மிகச் சிறந்த வழி. அதற்கு ஒரு நடைபாலமும், சுமை ஏறிய நிலையிலும் கயிற்றை விடுவிக்கக்கூடிய கொக்கியும் இருந்தால் நல்லது. கரையில் இடமிருந்தால், தளத்தின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் பெரிய புயல்தூண் ஒன்றை அமைத்துக் கயிற்றின் சரிவைக் குறைக்கலாம். சில இடங்களில் மிதவைகளில் கட்டுகிறார்கள். கப்பல் நெருங்கும்போதே கடற்பக்க நங்கூரத்தை இறக்கி முன்முனைக்குப் பிடி தேடுவதும் உண்டு. ராட்டர்டாம் துறைமுகத்தில் கயிறு கட்டும் பணியாளர்களின் அமைப்பு உருவாக்கிய ஷோர்டென்ஷன் என்ற நீரழுத்தக் கருவி, கயிற்றில் ஒரே அளவு இறுக்கத்தைப் பேணி கப்பலின் ஆட்டத்தைக் குறைக்கிறது. ஆனால் எந்தக் கருவியும் பலவீனமான தூணைப் பலமாக்காது.

வின்ச்சைத் தானியங்கி இறுக்கத்தில் விட்டுவிட்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். எதிரெதிர்த் திசையில் இழுக்கும் வின்ச்சுகளில் ஒன்று நழுவ மற்றொன்று சுருட்ட, கப்பல் தளத்தை ஒட்டியே மெல்ல நகர்ந்துபோய்விடும். பிரேக்கில் நிறுத்தி, நீர்மட்டமும் சரக்கின் எடையும் மாற மாற ஆட்களே கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பக்கத்தில் வேறு கப்பல் கடந்து போவதால் கட்டியிருக்கும் கப்பல் அறுத்துக்கொண்டு போகுமா?

பதில்: போயிருக்கிறது. 1990 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சாகினா ஆற்றங்கரையிலுள்ள பே சிட்டியில் பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்த ஜூபிடர் என்ற கப்பல், பஃபலோ என்ற கப்பல் கடந்துபோன வேளையில் கட்டிலிருந்து விடுபட்டுத் தீப்பிடித்து வெடித்தது. பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். கடக்கும் கப்பல் முதலில் தள்ளி, பிறகு இழுத்து, மறுபடி தள்ளும். இந்த விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், இடைவெளி குறையக் குறையவும் கூடும். கயிறு தளர்ந்திருந்தால் கப்பல் ஓட இடம் கிடைத்து, இறுகும் நொடியில் சுமை பன்மடங்காகும். வேகக் கட்டுப்பாடும் தளர்வில்லாத கயிறும் சேர்ந்தே இதைத் தடுக்க வேண்டும்.

கேள்வி: கயிறு கட்டும் பணிக்கு என் தம்பி சேரப் போகிறான். அவனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: சுமையேறிய கயிற்றின் நேர்க்கோட்டிலோ அது வளைந்து போகும் கோணத்துக்குள்ளோ நிற்கக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள். 2015-இல் வேல்ஸிலுள்ள மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தில் சர்கா என்ற எரிவாயுக் கப்பலை நிறுத்திக்கொண்டிருந்தபோது, அதிகம் நீளாத நவீன இழைக் கயிறு அறுந்து பின்னடித்து ஓர் அதிகாரியின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டது. அத்தகைய கயிறு பின்னடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அதன் முனையில் இணைத்த நீளும் கயிற்றில் சேர்ந்திருந்த ஆற்றல் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. தரையில் வண்ணம் பூசிய ஆபத்துப் பகுதிக்கு வெளியே நின்றால் போதும் என்றும் உங்கள் தம்பி நினைக்கக் கூடாது. கயிறு திசை மாறும்போது அந்தக் கோடுகள் பொருளற்றுப் போகும், மேல்தளம் முழுவதையும் ஆபத்துப் பகுதியாகவே கருத வேண்டும்.

2024 ஜனவரி 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் திருத்தப்பட்ட விதி, கயிறுகளையும் வின்ச்சுகளையும் முறையாகப் பரிசோதித்துப் பராமரிப்பதைப் பழைய கப்பல்களுக்கும் கட்டாயமாக்கியுள்ளது. தேய்ந்த கயிற்றைக் கண்டால் மேலாளரிடம் சொல்லும் உரிமையும் கடமையும் உங்கள் தம்பிக்கு உண்டு. நீளம் போதாத தளத்தில் பணி என்றால், கப்பல் வருவதற்கு முன்பே கட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எந்தக் கயிறு எந்தத் தூணுக்கு என்பதையும் கடைசித் தூணுக்கு எத்தனை என்பதையும் அவர் பார்த்துவைக்கட்டும்.