தாத்தாவின் பழைய பாக்கெட் கடிகாரம் என்னிடம் வந்திருக்கிறது. பழுதுபார்த்துப் புதிதுபோல் ஆக்கலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?

உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சரிசெய்யுங்கள். டயலையும் கூட்டையும் யாரையும் தொடவிடாதீர்கள். என் தாத்தாவின் கடிகாரத்துக்கு எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இதுதான். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

தாத்தா திருச்சியில் ரயில்வே கார்டாக இருந்தவர். அவருடையது டயலில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி' என்று எழுதிய சுவிஸ் கடிகாரம். அவர் காலமான பிறகு பல வருடம் பீரோவில் கிடந்தது.

உங்கள் கடிகாரமும் அப்படிக் கிடந்ததென்றால், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுக்காதீர்கள். கொடுத்து ஓடிவிட்டாலும் தொடர்ந்து ஓடவிட வேண்டாம். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். இந்த வகைக் கடிகாரங்களில், இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதைத் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். எண்ணெய் இல்லாமல் ஓடினால் அந்த முனையே தேயும். பழைய கடிகாரங்களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பும் கிடையாது. ஒருமுறை தரையில் விழுந்தாலே முனை முறிந்துவிடக்கூடும்.

ஆகவே முழுவதும் கழற்றி, ஒவ்வொரு பாகமாகச் சுத்தம் செய்து, புதிதாக எண்ணெய் விட வேண்டும். கழற்றாமல் பெட்ரோலில் முக்கி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சாவி கொடுக்கும்போது இறுகி, கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். அது தேய்ந்து மாறுவதற்கென்றே உள்ள பாகம். கடிகாரத்தின் பழமை அதனால் குறையாது. கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, இயந்திரத்தின் மேல் பொறித்த எண்ணைப் படமெடுத்து வையுங்கள். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்கக் கடிகாரங்களென்றால் அந்த எண்ணைக் கொண்டே ஏறக்குறைய எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

டயல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வெள்ளை எனாமல் டயல் என்பது செம்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியை உருக்கிச் செய்தது. அதில் மயிரிழை விரிசல் இருந்தால் இருக்கட்டும். மேலே பெயின்ட் அடித்துப் 'புதிதாக்கினால்' பழைய எழுத்து போய்விடும், திரும்ப வராது. கூட்டுக்குப் பாலிஷ் போடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு பாலிஷுக்கும் பொறித்த பெயரும் வெள்ளியின் தரம் காட்டும் முத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும்.

எங்கள் கடிகாரத்தின் பின்மூடியில் ஒரு நசுங்கல் உண்டு. தட்டி நிமிர்த்திவிடலாம் என்று என் தம்பி சொன்னபோது அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது அவர் கையிலிருந்து கடிகாரம் கிணற்றடிக் கல்லில் விழுந்து ஏற்பட்டதாம் அது. தாத்தா அவரைத் திட்டவே இல்லையாம். அத்தை சொல்லியிராவிட்டால் எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

முட்களிலோ எண்களிலோ இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் கவனம் தேவை. 1910களிலிருந்து 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு பயன்பாட்டில் இருந்தது. இப்போது ஒளிராவிட்டாலும் ரேடியம் அப்படியே இருக்கும். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். சுரண்டினால் எழும் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. வீட்டில் திறக்காமல், பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாதாரண நிக்கல் கூட்டுக் கடிகாரமென்றால் சர்வீஸ் செலவு அதன் விற்பனை விலையைத் தாண்டிவிடக்கூடும். விற்பதற்காக என்றால் செலவழிக்க வேண்டாம், இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதற்கென்றால் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். கிடைக்காத பாகம் முறிந்து, வேறொரு கடிகாரத்தின் இயந்திரத்தையே உள்ளே பொருத்தித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் வேண்டாமென்று வாங்கி வந்துவிடுங்கள். அதைவிட ஓடாத கடிகாரமே மேல்.