வேலூரிலிருந்து குடும்பத்தோடு அந்தமான் போக எந்த மாதம் சரி? மே லீவில் போகலாமா?

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை எப்போது கிளம்பினாலும் நல்லது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், முழுப் பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போய் வந்துவிடுங்கள். மே மாதம்தான் முடியும் என்றால் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். இங்கே கத்திரி வெயில் முடிகிற சமயம் அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். கேரளாவைத் தொடுவதற்குப் பத்து நாள் முன்பே அந்தமானைத் தொடுகிற மழை அது.

உண்மையில் மழையைவிடக் காற்றுதான் தொல்லை. குடை பிடித்துக்கொண்டு செல்லுலார் ஜெயிலைச் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகப் பெரும்பாலும் கப்பல்தான் வழி. காற்று வலுத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஓடினாலும் அந்த இரண்டு மணி நேரமும் வாந்திக் கவர் கையில் இருக்கும். (மாத்திரையைக் கப்பலில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.) அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை புயல் பயமும் உண்டு. 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல் வந்து மீட்டது. அதே புயல் சின்னம்தான் சில நாளில் வர்தாவாகச் சென்னையைத் தாக்கியது.

அதனால் எந்த மாதம் போனாலும் வெளித்தீவுகளை முதலில் முடியுங்கள். ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒரு இரவு, பிறகு போர்ட் பிளேர் திரும்பி இரண்டு இரவு. பலரும் இதைத் தலைகீழாகப் போட்டு, கடைசி நாள் ஹேவ்லாக்கில் கப்பல் ரத்தாகி விமானத்தைத் தவறவிடுகிறார்கள். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகியவற்றின் புதிய பெயர்கள்தான்.

மாதம் முடிவானதும் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், எனவே ஓட்டலில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் துடுப்பு போடும்போது தண்ணீர் நீலமாக மினுங்குவதைப் பார்க்க ஆசையென்றால் நிலா இருக்கக் கூடாது. பௌர்ணமியைத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு விட்டுவிட்டு அமாவாசையை எடுத்துக்கொள்ளுங்கள். தை அமாவாசைக்கு வீட்டில் படையல் இருந்தால் மாசி அமாவாசையும் அருமையான நாள்தான். ஸ்கூபாவுக்குத் தண்ணீர் தெளிவாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

ஏப்ரலில் அங்கே 32 டிகிரிதானே, வேலூர் வெயிலையே பார்த்தவர்கள் நாம் என்று நினைக்காதீர்கள். நம்முடையது வறண்ட சூடு, அங்கே சட்டை காயவே காயாது. கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் ஐந்து, ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். சூரியன் மறைவதைப் பார்க்க ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு நான்கு மணிக்குள் போய்விடுங்கள்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். விடியற்காலை விமானம் என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் மெட்ரோ பிடிக்கும் கணக்கு உதவாது, அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓடாது. முந்தின இரவே காரில் கிளம்புங்கள்.

மே கடைசி வாரத்தில்தான் எல்லாருக்கும் லீவு ஒத்துவருகிறது என்றால் அந்தமானை விட்டுவிட்டு இலங்கையின் கிழக்குக் கரையைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி பக்கம் கொட்டும்போது மத்திய மலைகள் மறித்துக்கொள்வதால் திருகோணமலையில் மழை குறைவு, கடலும் அமைதியாக இருக்கும்.