மாரத்தான் நடக்க ஆசை... என் உடம்பு தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. எடை 86 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஏழு மாதம் கழித்து வரும் ஒரு மாரத்தானை ஓடாமல் நடந்தே முடிக்கலாம் என்று தோழி சொன்னதைக் கேட்டு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். இதுவரை அரை மணி நேரத்துக்கு மேல் நடந்ததில்லை. என்னால் முடியுமா?

பதில்: முடியும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஏழு மாதம் நல்ல அவகாசம்.

ஆனால் நடக்கத் தொடங்கும் முன், மாத்திரை தரும் மருத்துவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஈசிஜியும் எடுப்பார். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அது பீட்டா பிளாக்கர் வகை என்றால் எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை என்றால் நீண்ட நடையில் உடம்பின் உப்பு, நீர் அளவு தடுமாறலாம். நடை தூரம் கூடும்போது மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சரி, தூரத்துக்கு வருவோம். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய எட்டரை மணி நேரம் ஆகும். ஏழு மணி நேரத்தில் முடிக்க மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது கை வீசி நடக்கும் வேக நடை. பல போட்டிகளில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பாதையை வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். உங்கள் போட்டியில் அந்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்கும் குறைவு என்றால், இந்த முறை அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். உங்களுடைய கவலையெல்லாம் மூச்சைப் பற்றியது. எனக்குக் கவலை உங்கள் கால்களைப் பற்றியது. ஒழுங்காக நடந்தால் இதயமும் நுரையீரலும் ஆறு, எட்டு வாரத்திலேயே நன்றாகத் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்பும் அப்படியில்லை, அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூன்றாவது மாதம்தான் ஆபத்தானது. மூச்சு வாங்காது, உற்சாகமாக இருக்கும், இன்னும் பத்து கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். அப்போது போய்விட்டு, குதிகால் வலியோடு என்னிடம் வருபவர்கள் நிறைய. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல வலிக்கிறது என்பார்கள். உள்ளங்காலில் உள்ள சவ்வு தாங்கமாட்டாமல் சொல்லும் செய்தி அது.

முதல் மாதம் வாரத்துக்கு ஐந்து நாள், 20 நிமிடத்தில் ஆரம்பித்து 40 நிமிடம் வரை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். இரண்டாவது மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. 6 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் கட்டாயம் குறையுங்கள். அந்த ஓய்வில்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆறாவது மாத முடிவில் 28 முதல் 32 கிலோமீட்டர் வந்தால் போதும். 42 கிலோமீட்டரையும் முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டியதில்லை. கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். அப்புறம், வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, இரண்டையும் செய்யுங்கள்.

இரண்டு காலிலும் பரவலாக வலித்து மூன்று நாளில் போய்விட்டால் அது தசைவலி, பயமில்லை. ஒரே ஒரு விரலால் "இங்கேதான்" என்று எலும்பின் மேல் தொட்டுக் காட்ட முடிகிற வலி வேறு. எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அன்றே நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் நகம் ஷூவில் மோதி மோதி, அடியில் ரத்தம் கட்டிக் கருத்துவிடும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தை வெளியேற்றும் செயற்கை இழைக் காலுறைதான் நல்லது. அதை உள்பக்கமாகத் திருப்பி, சுண்டுவிரல் படும் இடத்தில் தையல் தடிப்பாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 55,000 அடிக்கு மேல் வைக்கப் போகிறீர்கள். அத்தனை முறையும் அந்தத் தையல் ஒரே இடத்தில் உரசும். எங்காவது சுடுவது போல எரிய ஆரம்பித்தால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு அதைத் தவிர்க்கக் காலைச் சாய்த்து வைப்பீர்கள், பிறகு முழங்கால் வலிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் "நிறைய குடி" என்பார்கள். எட்டு மணி நேரம் நடப்பவருக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேகமாக ஓடுபவரைவிட மெதுவாக நடப்பவருக்குக் குடிக்க நேரம் அதிகம். வழியில் தண்ணீர் தரும் ஒவ்வொரு நிலையத்திலும் கட்டாயமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம், உயிருக்கும் ஆபத்து. உப்பு கலந்த பானம் குடித்தாலும் அளவு மீறினால் இதே கதிதான். தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான். பசிக்கு வாழைப்பழம், பேரீச்சை போல எது ஒத்துக்கொள்கிறதோ அதை நீண்ட நடைகளிலேயே சாப்பிட்டுப் பழகுங்கள். போட்டி அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை அன்று தொடவே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் உங்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கும் வாய்ப்பு கூடுதல்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல் வந்தால், அது பயிற்சியானாலும் 41-வது கிலோமீட்டரானாலும் நின்றுவிடுங்கள், உதவி கேளுங்கள். முடித்த பிறகு உடனே உட்காராமல் பத்து நிமிடம் மெல்ல உலாவுங்கள். அன்றோ மறுநாளோ சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.