அந்தப் பத்து வாட்ச் மூட்டையை வாங்காதீர்கள்

கேள்வி: பீரோவில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஜனதா வாட்ச் கிடைத்தது. சாவி முழுசாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. "சாவி ஜாஸ்தி கொடுத்துட்டீங்க" என்கிறார் கடைக்காரர். ரிப்பேர் வேலையைப் பழகி நானே சரிசெய்ய ஆசை, கூடவே பழைய எச்.எம்.டி.களைச் சேர்க்கவும் ஆசை. ஆன்லைனில் ஒருவர் பத்து வாட்சுகளை "நியூ ஓல்ட் ஸ்டாக் (அந்தக் காலத்தில் விற்காமல் கிடந்த புதுச் சரக்கு), ஃபுல் சர்வீஸ்" என்று மொத்தமாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? என்னுடைய பேட்டரி வாட்ச் ஒன்றும் நின்றுபோய்க் கிடக்கிறது.

பதில்: வாங்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. அதற்கு அப்புறமும் சந்தையில் "புத்தம் புதுசு" குறைகிற வழியைக் காணோம். எங்கிருந்து வருகிறது? பழைய இரும்புக் கடையிலிருந்து. ஒன்றின் கேஸ், இன்னொன்றின் மெஷின், மூன்றாவதின் முள் என்று சேர்த்து மாட்டி, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட்டால் அதுதான் "நியூ ஓல்ட் ஸ்டாக்". சேகரிப்பவர்கள் இந்தச் சரக்குக்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், "நியூ ஓல்ட் ஸ்டாக்" என்ற மூன்று வார்த்தையைப் பார்த்தாலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

டயலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆலையில் அச்சடித்த எழுத்து விளிம்பு கூராக, மெல்லிசாக இருக்கும். மறுபடி அடித்ததில் மை ஊறினாற்போல எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் விளிம்பை ஒட்டியும் மறுபக்கம் தள்ளியும் நிற்கும். அடிவிளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்து காணாமல் போயிருக்கும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, ரோஸ் டயல் என்றால் கேட்கவே வேண்டாம். டயல் பளபளவென்றும், ஸ்ட்ராப் மாட்டுகிற கேஸின் காதுகளில் குரோம் உதிர்ந்து பித்தளை தெரிந்தும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே வயசு இல்லை. பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "திறந்தால் வாட்டர்ப்ரூஃப் போயிடும் சார்" என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஜனதாவில் தண்ணீர் விஷயமாக நம்பிக்கை வைக்க ஒன்றுமே கிடையாது.

"ஃபுல் சர்வீஸ்" இன்னொரு ஏமாற்று. முறையான சர்வீஸ் என்றால் மெஷினை ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, கழுவி, சக்கர அச்சுகள் உட்காரும் கல் குழிகளைச் சுத்தம் செய்து, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை இம்மியளவு வைத்து மறுபடி பூட்டுவது. இவர்கள் செய்வது, மெஷினைப் பூட்டினபடியே பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் தெளிப்பது. இரண்டு மாதம் ஜோராக ஓடும். அதற்குள் உங்கள் பணம் அவர் கணக்கில் செரித்துப்போயிருக்கும்.

இப்போது அப்பாவின் வாட்ச். சாவி அதிகமாகக் கொடுத்ததால் எந்த வாட்சும் நிற்காது. முழுச் சாவியோடு நிற்கிறது என்றால் ஸ்பிரிங்கில் விசை இருக்கிறது, அது கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். கீழே விழுந்த வாட்ச் என்றால் பேலன்ஸ் அச்சு, அதாவது இப்படியும் அப்படியும் ஆடுகிற சக்கரத்தின் அச்சு, ஒடிந்திருக்கலாம். அதன் முனை சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் சொன்னது, நோய் தெரியாமல் எழுதிய மருந்துச் சீட்டு.

அந்த வாட்சில் வேலை பழகாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று எதையும் விடவும் வேண்டாம். ஆடுகிற சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு பட்டால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க ஓடும். அதே ஜனதாவில், டயல் அழிந்து கண்ணாடி கீறியதாக, ஆனால் ஓடுகிறதாக ஒன்று வாங்குங்கள். ஓடாததை வாங்கினால் கெடுத்தது நீங்களா, முன்பே கெட்டிருந்ததா என்று கடைசிவரை தெரியாது. ஐ கிளாஸ் (கண்ணில் செருகுகிற பூதக்கண்ணாடி), நல்ல ட்வீசர், 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை ஸ்க்ரூ டிரைவர், மெஷின் ஹோல்டர். ஆரம்பத்துக்கு இது போதும். முப்பது சாமான் கிட் பெட்டி வாங்கினால் ட்வீசர் வளையும், டிரைவர் முனை மழுங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். சாவியின் விசையை இறக்காமல் பாலத்தை, அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகட்டை, கழற்றுவது. விர்ரென்று சக்கரங்கள் சுழன்று பல் போகும், அச்சு முனை போகும். மூடியைத் திறந்ததும் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் பொடிக் கொக்கி ஒன்று தெரியும், அதுதான் க்ளிக். சாவியை, அதாவது பக்கத்தில் திருகுகிற குமிழை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, சாவி கொடுப்பது போல இம்மி திருப்புங்கள். கொக்கி தளரும். கூர் சீவிய பல்குச்சியால் அதை ஒதுக்கிப் பிடித்தபடி, சாவியை விரலுக்குள்ளேயே வழுக்கவிட்டு மெதுவாகப் பின்னால் போகவிடுங்கள். பட்டென்று விட்டுவிடக் கூடாது. விசை அடங்கியதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு தடவை கழற்றிப் பூட்டி, ஓடுவதையும் பார்த்த பிறகு அப்பாவின் வாட்சை யோசிக்கலாம். அவசரம் என்றால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுங்கள். "அண்ணே, டயலைத் தொடாதீங்க, கழட்டின பழைய பார்ட்ஸை அப்படியே குடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர்களும் இன்னும் எத்தனை நாள் உட்காருவார்கள்? ஊரெல்லாம் கையில் கட்டியிருந்த அந்த வாட்சுக்கு உதிரிபாகம் தேடித்தான் அலைய வேண்டியிருக்கிறது. விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்சுகளிலோ, சில பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு வெளியே ஒரு ஸ்க்ரூகூடத் தருவதில்லை. கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, கற்றவனுக்குப் பாகம் கிடையாது. சரி, விடுங்கள்.

பேட்டரி வாட்ச் விஷயம் வேறு. மேலே "தொடாதீர்கள்" என்று சொன்னதெல்லாம் இதற்குச் செல்லாது. இதை இன்றைக்கே திறக்க வேண்டும். ஓட வைக்கிற எண்ணமே இல்லாவிட்டாலும், ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றாலும் திறக்க வேண்டும். தீர்ந்துபோன பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசியும். கசிந்தது சர்க்யூட்டை அரிக்கும். "கட்டுவதே இல்லையே, சும்மாதானே இருக்கிறது" என்பார்கள், சும்மா கிடக்கும்போதுதான் கசிகிறது. மூடியைத் திறந்து, பேட்டரியைப் பிடித்திருக்கும் தகட்டை விலக்கி, பிளாஸ்டிக் முனையால் நெம்பி எடுங்கள். பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு சுருள் தெரியும், அதன் கம்பி முடியைவிட மெல்லிசு. அதில் ட்வீசர் உரசினால் அந்த மெஷின் அவ்வளவுதான். திறக்கத் தயக்கமாக இருந்தால் கடையில் கொடுத்து "பேட்டரியை எடுத்துட்டு மட்டும் குடுங்க, புதுசு வேண்டாம்" என்று கேளுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. குழியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மெஷினையே மாற்ற வேண்டும் என்பார்கள். பல வாட்சுகளில் அதுதான் நடக்கும், தப்பில்லை. ஆனால் என்ன மெஷின் போட்டார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, கழற்றிய பழையதையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.