வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியாவா இல்லையா என்று சொல்ல ஏன் இத்தனை நாள்?

கும்பகோணம் பக்கம் ஒரு ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, சளியும் டெஸ்டுக்குப் போயாச்சு, இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்று நீங்கள் கேட்டிருப்பதை ஐசியூ வாசலில் அடிக்கடி கேட்கிறேன்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது தொற்றாக இருக்கலாம், நீர் கோத்ததாக இருக்கலாம், சளி அடைத்து நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கியதாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்கும் பத்துக் காரணம் உண்டு. புதிதாக ஒரு வெள்ளை, காய்ச்சல், சளி நிறம் மாறிக் கெட்டியாவது, ஆக்ஸிஜனைக் கூட்ட வேண்டி வருவது எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். மூச்சுக்குழலில் வென்டிலேட்டர் குழாய் போட்டு 48 மணி நேரம் கழிந்து வருவதைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம்.

அப்புறம் கல்ச்சர், அதாவது சளியில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. சக்‌ஷன் போட்டுச் சளியைப் பிடித்து லேபுக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு மூன்று நாள். அதில் கிருமி இருந்தாலும் விஷயம் முடிவதில்லை. குழாய் போட்ட சில நாளிலேயே அதில் கிருமி குடியேறிவிடும். கேண்டிடா பூஞ்சை வந்தால் பெரும்பாலும் சும்மா தங்கியிருப்பதுதான். அதனால் எவ்வளவு வளர்ந்தது என்றும் பார்ப்பார்கள். பிராங்கோஸ்கோப் என்ற கேமரா குழாயை விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என்றால், மில்லிக்கு 10,000 கிருமியோ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியா என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க முடியாது, உத்தேசமாக ஆன்டிபயாடிக் ஆரம்பித்து ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றுவார்கள். "மருந்தை மாத்தி மாத்திக் கொடுக்கிறாங்க" என்று தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள்.

நம்ம டெல்டாவில் இன்னொன்றும் உண்டு. ஒரு ஐப்பசி மழையில் சர்க்கரை உள்ள ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தார், அன்றே வென்டிலேட்டர். டிபியாக இருக்குமோ என்று பார்த்தோம், இல்லை. லேபிலிருந்து முதலில் 'சூடோமோனாஸ் மாதிரி' ஒரு கிருமி என்றார்கள். அவர் மனைவிதான் பேச்சுவாக்கில், "தாளடி நடவுல பத்து நாளா சேத்துலயே நின்னாரும்மா" என்றார். டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே லேபுக்குப் போன் போட்டு, மெலியாய்டோசிஸ் கிருமியா என்று பார்க்கச் சொன்னார். அதுவேதான். வயல் சேற்றில் வாழ்கிற கிருமி. சர்க்கரை உள்ளவர்களைச் சுலபமாகப் பிடிக்கும். தேடச் சொல்லாவிட்டால் லேபில் வேறு கிருமி என்று தவறிவிடும். ஊசி இரண்டு வாரம், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பிழைத்துக்கொண்டார்.

அதனால் நோயாளி என்ன வேலை செய்தார், எங்கே நின்றார் என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவருடைய கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் இருந்தது. எழுதியது நான்தான்.