சூழல் மாறினால் தவளையின் உடலும் மாறுமா?

மாறும். ஆனால் இரண்டு விதமாக, அதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஒரே ஆயுளுக்குள் நடப்பது. வட அமெரிக்கப் பாலைவனங்களில் மண்ணைத் தோண்டிப் புதைந்து வாழும் ஒருவகைத் தவளைகள், மழைக்குட்டைகளில் முட்டையிடும். குட்டை சீக்கிரம் வற்றினால் தலைப்பிரட்டை வளர்ச்சியை முடுக்கிக்கொண்டு, சின்ன உடலோடு கரையேறிவிடும். மரபணு அப்படியேதான் இருக்கிறது.

மற்றது தலைமுறை தலைமுறையாக நடப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைப் பாருங்கள். 2003இல்தான் இதற்கு அறிவியல் பெயரே கிடைத்தது. நெருங்கிய சொந்தங்கள் இருப்பதோ கடல் கடந்து, ஆப்பிரிக்கா பக்கமுள்ள சீசெல்ஸ் தீவுகளில்! வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்வதால் கூர்மூக்கு, தடித்த குட்டைக் கால்கள். இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் மேலே வரும். அதன் தலைப்பிரட்டைக்கு உறிஞ்சு வாய் உண்டு. வெள்ளம் பாயும் ஓடையில் பாறையைக் கவ்விக்கொள்ளும். தேவைப்பட்டதால் அந்த வாய் முளைத்தது என்று நினைக்க வேண்டாம். பிடி தளர்ந்தவை அடித்துச் செல்லப்பட்டன, பிடித்துக்கொண்டவை சந்ததி வைத்தன.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிழக்குச் சரிவிலிருந்து இதே பேரினத்தில் இன்னொரு இனம் விவரிக்கப்பட்டது. மேற்கே இருப்பது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் செய்கிறது. மழை மறைவுப் பகுதியில் இருக்கும் இதுவோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. கூடும் காலமே வேறானால் மரபணுக் கலப்பு நின்றுவிடும். புது இனங்கள் பிரிவதற்கு அது ஒரு முக்கியமான வழி.